மோட்டார் சத்தத்துக்குப் பின்னால்

ஜூலை 3, திங்கள்

காலையில் பூங்கொடி வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாண வீடியோவை நான்தான் எடிட் செய்தேன். மாப்பிள்ளை குணசீலன் கேமராவைப் பார்த்தாலே சிரித்துவிடுவான். அதனால் பாதி காட்சிகளை வெட்ட வேண்டியிருந்தது. போன மாதம் ஒன்பதாம் தேதி, சாயப்பட்டறைக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியபோது விஷவாயு தாக்கி அவன் செத்துப்போனான். கூட இறங்கிய பிகாஷ் என்கிற ஒடிசாக்காரரும் போய்விட்டார்.

யாரும் சொல்லாமல் அவர்களாகவே இறங்கிவிட்டார்கள் என்கிறது பட்டறை நிர்வாகம். குணசீலனின் போன் அவன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. சட்டையைக் கழற்றிக் குழாயில் மாட்டிவிட்டு இறங்கியிருக்கிறான். எதையோ வீடியோ எடுத்தவன் அதை நிறுத்த மறந்துவிட்டான் போலிருக்கிறது. பதினான்கு நிமிஷம் ஓடியிருக்கிறது. முதல் ஒன்பது விநாடிகள் தொட்டி மூடியும் யாரோ ஒருவரின் பூட்ஸும் தெரிகின்றன. அதன் பிறகு துணியின் இருட்டு மட்டும். பேச்சுக் குரல் கேட்கிறது, ஆனால் மோட்டார் சத்தம் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது.

“பேசறது என்னன்னு தெளிவா எடுத்துக் குடுங்கக்கா. இருபத்தாறாந் தேதி விசாரணை” என்றாள். வக்கீல் ரெஜினா ஒரு பிரதியைப் பென் டிரைவில் கொடுத்தனுப்பியிருந்தார். இன்டர்நெட் இல்லாத கம்ப்யூட்டரில்தான் வேலை செய்ய வேண்டும், விசாரணை அறையில் போட்டுக் காட்ட அதே கம்ப்யூட்டரோடு வர வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தார்.

மயில்சாமி அண்ணன் அதே பட்டறையில்தான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். சம்பவத்தன்று மோட்டார் காயில் கட்டுவதற்காக ஈரோடு போயிருந்தேன் என்று அன்றைக்கே போனில் சொல்லியிருந்தார். அவர் என் கூடப்பிறந்தவர் என்று பூங்கொடிக்குத் தெரியுமா என நான் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. செய்து தருகிறேன் என்றேன்.

ஜூலை 4, செவ்வாய்

மாடியில் இருக்கும் என் அறைக்குக் கீழே பனியன் கம்பெனி. முப்பது தையல் மெஷின்கள். மதியம் ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நுணுக்கமாகக் கேட்க எனக்கு வாய்ப்பது அந்த நேரம்தான்.

இன்று ஒரு மணிக்கு உட்கார்ந்தேன். கீழே மெஷின்கள் நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. என் கம்ப்யூட்டர்தான். சத்தத்தைச் சலிக்கும் வேலையைக் கொடுத்ததும் சூடேறி மூன்று ஃபேன்களும் ஒன்றாக அலறுகின்றன. ஹெட்போனைக் காதில் அழுத்திப் பிடித்தாலும் நுழைந்துவிடுகிறது. அதைவிடக் கொடுமை, பதிவில் இருக்கும் மோட்டாரும் என் ஃபேன்களும் ஏறக்குறைய ஒரே சுருதி. எது தொட்டி மோட்டார், எது என் அறை என்று பிரிக்க முடியவில்லை.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஃபேன் இடுக்கெல்லாம் கீழே இருந்து பறந்து வந்த பஞ்சு. தலையணை உறைக்குள் கையை விட்டது போல இருந்தது. சுத்தம் செய்தும் பெரிய வித்தியாசம் இல்லை.

புதிதாக ஒன்று கட்டத்தான் வேண்டும்.

ஜூலை 6, வியாழன்

பஸ் பிடித்துக் கோயமுத்தூர் போனேன். கல்லூரிக் காலத்திலிருந்து தெரிந்த கடை, ஜெயசீலனுடையது.

“கேமிங்குக்குங்களா?”

“எடிட்டிங். வீடியோ, ஆடியோ ரெண்டும். சத்தமே வரக் கூடாது.”

“அப்பப் பெரிய கேபினெட்டா எடுங்க. காத்து நல்லாப் போகும், சத்தம் கம்மியா வரும்.”

“கையில தூக்கிட்டுப் போகணும். ஒரு தோள் பைக்குள்ள அடங்கணும்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சின்னதாவும் வேணும், சத்தமும் கூடாது, வேலையும் கனமான வேலை. இதுல ரெண்டு கேளுங்க, தர்றேன். மூணையும் கேட்டா எப்படிங்க?”

“மூணும் வேணும்.”

ஏன் என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அதிகம் சூடாகாத பிராசஸர். ஒரு சாண் அகல போர்டு. சுற்றுகிற டிஸ்க் வேண்டாம், அதுவே முனகும் என்று சொல்லி எஸ்எஸ்டி இரண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம் என்றார், அதற்கென்று இரண்டு ஃபேன் வந்துவிடும். வேலை குறைவாக இருக்கும்போது ஃபேனே சுற்றாத பவர் சப்ளை. கடைசியாக, பிராசஸர் மேல் வைக்க, சாசர் அகலத்தில் ஒற்றை ஃபேன்.

“சின்ன ஃபேன்தானுங்க கத்தும். பெருசு மெதுவாச் சுத்துனாப் போதும்.”

திரும்பும்போது பஸ்ஸில் பெட்டிகளை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ஜூலை 8, சனி

மாட்டி முடித்தேன். உயிர் வரவில்லை. மூன்று முறை கழற்றி மூன்று முறை மாட்டியாகிவிட்டது.

ஜூலை 9, ஞாயிறு

ராம் மெமரித் தகடு ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. அவ்வளவுதான். அழுத்தியதும் ‘டக்’ என்றது, திரையில் வெளிச்சம் வந்தது. பிராசஸர் ஃபேன் மேல் மூடியில் ஒரு நூல் அளவுக்கு உரசுகிறது. நான்கு மூலையிலும் ரப்பர் வாஷர் வைத்து மூடியைத் தூக்கி வைத்தேன்.

பத்து மணிக்கு அண்ணன் வந்தார். ஞாயிறு தவறாமல் கறி வாங்கிவந்து தருவார். என் கல்யாணம் முறிந்து நான் இந்த அறைக்குக் குடிவந்ததிலிருந்து இந்த ஆறு வருஷமும் அப்படித்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மேசையைப் பார்த்துவிட்டார்.

“என்ன அம்மிணி இது, டிபன் கேரியராட்ட?”

“புதுக் கம்ப்யூட்டர்ணா. பழசு ரொம்பக் கத்துது.”

“ஆடி வந்தா முகூர்த்தமே இல்ல, இப்பப் போய்ப் புதுசு எதுக்கு?”

“பாக்கி வேலை கெடக்குது.”

தண்ணீர் கேட்டார். பாதி குடித்துவிட்டு, தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இளைத்துவிட்டார். தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். “வருது வருது” என்றார். அண்ணி போனில் வேறு மாதிரி சொல்லியிருந்தார்.

ஜூலை 11, செவ்வாய்

மதியம் ஒரு மணி. ஃபேன் சத்தம் ஏறக்குறைய போய்விட்டது. மோட்டார் மட்டும் ஓடும் இடத்தைத் தனியாக எடுத்து, அதை மாதிரியாகக் காட்டி மொத்தத்திலிருந்தும் கழித்தேன். முதல் குரல் குணசீலன். கல்யாண வீடியோவில் வெட்டாமல் வைத்திருந்த துண்டில், “எல்லாரும் சாப்ட்டுட்டுத்தான் போகணும்” என்பான். அதோடு ஒப்பிட்டேன், அவனேதான். இரண்டாவது, இந்தி கலந்து பேசும் பிகாஷ். கிடைத்தது இவ்வளவு:

நான்காவது நிமிஷம். குணசீலன்: “மூடியத் தொறந்தாச்சுங்க.”

மூன்றாவது குரல்: “... அஞ்சே நிமிசம் ... ஏறிடலாம் ... எறங்கு ...”

குணசீலன்: (புரியவில்லை)

ஆக, இறங்கச் சொன்ன ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். மூன்றாவது குரல் யாருடையது என்று தெரியவில்லை.

இரவு சாப்பிடவில்லை.

ஜூலை 12, புதன்

பவர் சப்ளையில் ஒரு கீச்சு ஒலி. காதோரம் கொசு பறப்பது போல. ஃபேன் சத்தம் அடங்கிய பிறகுதான் இது கேட்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஜூலை 13, வியாழன்

வக்கீல் போன் செய்தார்.

“எந்த அளவுல இருக்கும்மா?”

“கம்ப்யூட்டர் இன்னும் ரெடியாகல மேடம். பவர் சப்ளை மாத்தணும்.”

“ஏதாவது கேக்குதா?”

“மோட்டார்தான் கேக்குது.”

“இருக்கறதே பதிமூணு நாள்” என்றார்.

ஜெயசீலனிடம் சொன்னதற்கு, “அந்தக் கீச்சு பொதுவா யாருக்கும் கேக்காதுங்களே” என்றார். எனக்குக் கேட்கிறது என்று சொல்லி, வேறு அனுப்பச் சொன்னேன்.

ஜூலை 16, ஞாயிறு

அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, வரமாட்டார் என்று அண்ணி போன் செய்தார்.

நேற்றே வந்துவிட்ட பவர் சப்ளையை இன்று காலையில் மாட்டினேன். ஃபேன் வேகத்தை இன்னும் குறைத்தேன். பெட்டியை மேசையிலிருந்து எடுத்து ரப்பர் பாயின் மேல் வைத்தேன். ஒரு மணி நேரம் கனமான வேலை கொடுத்தும் சூடு அறுபது டிகிரியைத் தாண்டவில்லை. ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள மேலே கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கீழே கம்பெனி பூட்டிக் கிடந்தது. தெருவில் ஆடிக்காற்று கூட இல்லை.

இனி மாற்ற ஒன்றும் மிச்சமில்லை. எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது குரல் மயில்சாமி அண்ணனுடையது. பதினொன்றாம் தேதியே தெரியும். மோட்டாருக்கு அடியில் பாதி வார்த்தைதான் கேட்டது, ஆனாலும் தெரியும். “எறங்கு” என்பதற்குப் பின்னால் “சாமி” என்று ஒரு செல்லச் சொல் இருந்தது. அதை எழுதாமல் விட்டேன். எனக்குச் சைக்கிள் பழக்கிக் கொடுத்தபோது அப்படித்தான் சொன்னார். கை நடுங்கும் யாரைப் பார்த்தாலும் அவர் வாயில் அந்தச் சொல்தான் வரும்.

அன்றைக்கு அவர் ஈரோட்டுக்குப் போகவே இல்லை.

ஜூலை 17, திங்கள்

மதியம் அண்ணன் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. கதவைச் சாத்தினார்.

“குணசீலன் போன் வீடியோ உங்கிட்ட வந்திருக்குதாமா?”

“யார் சொன்னது?”

“முதலாளி சொன்னாரு. வக்கீல் ஆபீஸ்ல அவருக்கும் ஆளிருக்குது.” அவர் உட்காரவில்லை. “ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க ஈரோட்டுலதான இருந்தீங்க? உங்ககிட்ட என்னத்தச் சொல்றது?”

கீழே மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. தரை அதிர்ந்தது. அவர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். தூக்கிப் போட்டு உடைத்துவிடுவார் என்று ஒரு கணம் நினைத்தேன். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

“அழிச்சுப் போடு அம்மிணி.”

“அசல் வக்கீல்கிட்ட இருக்குது.”

“அப்ப ஒண்ணுங் கேக்கலன்னு சொல்லிப் போடு. மோட்டார் சத்தந்தான் இருக்குதுன்னு. யாரு வந்து பாக்கப் போறா? உனக்குத் தெரிஞ்ச வேலை வேற யாருக்குத் தெரியும்?”

“உக்காந்து ஒருக்கா நீங்களே கேளுங்க.”

“எனக்கு வேண்டாம்.”

“ரெண்டே நிமிஷம்ணா.”

“வேண்டாம்கறேன்!” குரல் உடைந்துவிட்டது. “ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிருக்கறேன். நான் உள்ள போய்ட்டா அதுகளுக்கு யாரு? உனக்கு ஒண்ணுன்னப்ப நான் நின்னனா இல்லையா?”

நின்றார். என் புகுந்த வீட்டு வாசலில் பெட்டி படுக்கையோடு நின்றபோது, ஊரே வேடிக்கை பார்க்க, அவர்தான் டெம்போ கொண்டுவந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவர் படியிறங்கிப் போகும் சத்தத்தைத் தையல் மெஷின்கள் மூடிவிட்டன.

ஜூலை 18, செவ்வாய்

வேலை செய்யவில்லை. துணி துவைத்தேன். அரிசி புடைத்தேன்.

ஜூலை 19, புதன்

மதியம் ஒரு மணிக்கு, இதுவரை நான் தொடாத இடத்தைக் கேட்டேன். இரண்டாவது நிமிஷம். யாரோ தொலைவில் நின்று பேசுகிறார்கள். பழைய கம்ப்யூட்டரில் இந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான். இப்போது சொல் சொல்லாகப் பிரிகிறது. அண்ணன் போனில் பேசுகிறார்.

“இல்லீங்க மொதலாளி, உள்ள காத்து விடலீங்க. இப்ப ஆள எறக்கக் கூடாதுங்க ... நாளைக்கு ஆபீசருங்க வராங்கன்னாலும் ... இல்லீங்க, சொல்றதக் கேளுங்க ... சரிங்க. சரிங்க மொதலாளி.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. கூடாது என்று சொல்லியும் இருக்கிறார். பிறகு சரி என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டு நிமிஷம் கழித்து, “அஞ்சே நிமிசம். ஒடனே ஏறிடலாம். எறங்கு சாமி.”

நான் ‘புரியவில்லை’ என்று எழுதிய இடமும் இப்போது கேட்கிறது. குணசீலன் கேட்கிறான், “அண்ணா, நாளைக்கு எறங்கட்டுங்களா?” பதில் இல்லை. பிறகு அவனே, “சரிங்கண்ணா.”

ஒன்றே முக்காலுக்கு மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. ஹெட்போனைக் கழற்ற மறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 21, வெள்ளி

பூங்கொடி வீட்டுக்குப் போனேன். லைன் வீடு, கடைசிக் கதவு. அவளிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் வக்கீலிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வழியெல்லாம் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டு போனேன். வாசலில் எல்லாம் மறந்துபோனது.

“பூங்கொடி, அந்தப் பட்டறை சூப்பர்வைசர் மயில்சாமி இருக்காரில்ல ...”

“உங்க அண்ணன். தெரியுங்கக்கா.”

செருப்பைக் கழற்றி வாசலோரம் வைத்தேன்.

“தெரிஞ்சுதான் உங்ககிட்ட வந்தேன்” என்றாள். “அந்த வீடியோவ நான் நூறு தடவை கேட்டிருப்பேன். குரல் யாருதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நான் சொன்னா எவன் நம்புவான்? புருசன் போனவ என்ன வேணா சொல்லுவான்னு போய்டுவாங்க. கூடப்பொறந்தவங்க சொன்னாத்தான ...” முடிக்காமல் நிறுத்தினாள். “நீங்க அழிச்சுப்போடுவீங்களோன்னும் நெனச்சேன். பதினெட்டு நாளும் பயந்துட்டேதான் இருந்தேன்.”

வீடியோ பதினான்காவது நிமிஷத்தில் போன் மணி அடித்து நின்றுவிடுகிறது. அந்த அழைப்பு அவளுடையது. சாப்பிட்டாயா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள். “எடுக்கலன்னதும் கோவம் வந்துச்சுங்கக்கா. திட்டிக்கிட்டே துணி காயப் போட்டேன்” என்றாள்.

அவளைத் தொடலாமா என்று தெரியாமல் நின்றேன். அவளே காபி போடப் போனாள்.

மாலையில் வக்கீல் ஆபீஸ். எல்லாவற்றையும் சொன்னேன், அங்கே முதலாளிக்கு ஆள் இருப்பதையும் சேர்த்து. ரெஜினா மேடம் கோபப்பட்டார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா என்றார். பதிவை வெளியூரில் இன்னொருவரிடமும் கொடுத்துச் சரிபார்க்கப் போவதாகச் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, “இது யார் குரல்னு அங்க கேப்பாங்க. சொல்லணும்னு நான் கட்டாயப்படுத்த மாட்டேன்மா. யோசிச்சுட்டு வாங்க” என்றார்.

ஜூலை 23, ஞாயிறு

கறி வரவில்லை.

ஜூலை 26, புதன்

பெட்டியைத் துண்டில் சுற்றித் தோள் பையில் வைத்து எடுத்துப் போனேன். சாட்சிகளை வெளியே நடைவழியில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அண்ணன் அங்கே இருந்தார், முதலாளியின் வக்கீலுக்குப் பக்கத்தில். வெள்ளைச் சட்டை, புதிதாகச் சவரம் செய்த முகம். என்னைப் பார்த்ததும் பையைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். அவரைக் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. அவர் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்.

அறையில் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். விசாரணை அதிகாரி தலையாட்டினார். முதலில் அசல், பிறகு நான் சலித்தது. ஸ்பீக்கரில் குணசீலன் “நாளைக்கு எறங்கட்டுங்களா” என்றபோது பூங்கொடி வெளியே போகவில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“இறங்கச் சொல்றது யார் குரல்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார் அதிகாரி.

முதலாளி தரப்பு வக்கீல் எழுந்தார். “எடிட் பண்றவங்க எப்படிங்க ஐயா குரலை அடையாளம் சொல்ல முடியும்?”

“தெரியுங்க” என்றேன். “எங்க அண்ணன் மயில்சாமி. போன்ல முதலாளிகிட்டப் பேசறதும் அவர்தாங்க.”

“உறுதியா?”

“பொறந்ததுலருந்து கேக்கற குரலுங்க.”

எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். என் கையெழுத்து எப்போதும் போலவே விழுந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை. வெளியே வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. அடுத்த சாட்சி அவர். அது தன் குரலே இல்லை என்று உள்ளே சொன்னாராம். வக்கீல் பிறகு சொன்னார்.

ஆகஸ்ட் 2, புதன்

முதலாளி மேலும் அண்ணன் மேலும் வழக்கு. அண்ணனைக் காலையில் கைது செய்துவிட்டார்கள். முதலாளி நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டார்.

அண்ணி போன் செய்தார். “நல்லா இரு” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 9, புதன்

பள்ளிக்கூட வாசலில் நின்று அண்ணன் பிள்ளைகளைப் பார்த்தேன். சின்னவள் ஓடிவந்தாள். பெரியவள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அண்ணன். வியாழக்கிழமை ஜாமீனில் வந்தார் என்று கேள்விப்பட்டிருந்தேன். தாடி வெள்ளையாக வளர்ந்திருந்தது. உள்ளே வந்து, நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“போடு.”

ஹெட்போனைக் கொடுத்தேன். மாட்டத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானே மாட்டிவிட்டேன். பதினான்கு நிமிஷமும் அவர் முகத்தைப் பார்க்காமல் திரையில் நகரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது நிமிஷத்தில் அவர் தலையாட்டினார். நான்காவதில் அசையாமல் போனார். கை மட்டும் வேட்டியைப் பிசைந்தது. போன் மணி அடித்து முடிந்த பிறகும் கழற்றவில்லை. நான் கழற்றினேன்.

“நாளைக்கு எறங்கட்டுமான்னு கேட்டிருக்கான் அம்மிணி.”

“ஆமாங்ணா.”

“எனக்குக் காதுலயே விழல. அந்த மோட்டார் சத்தத்துல சத்தியமா விழல.”

அவர் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் பேசியபோது குரல் தெளிவாக இருந்தது.

“விழுந்திருந்தாலும் எறக்கித்தான் இருப்பேன். மொதலாளிக்குச் சரின்னு சொல்லிப் போட்டனல்ல.”

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

“அந்த வக்கீலம்மா நம்பரக் குடு. அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு சொல்லோணும். மொதலாளி என்ன சொன்னாருன்னும் சொல்லோணும்.”

“உங்க வக்கீல்கிட்டக் கேட்டுட்டுச் செய்ங்கண்ணா. தண்டனை ...”

“நம்பரக் குடு.”

அவருடைய போன் இன்னும் போலீஸில் இருக்கிறது. சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தூரமாகப் பிடித்துப் படித்தார். ஒரு எண்ணின் மேல் விரலை வைத்து, “இது ஒண்ணா, ஏழா?” என்றார்.

“ஏழு” என்றேன்.